ஒரே பயணத்தில் வேலையை முடிக்க: மதுரையிலிருந்து கிளம்பும் யூபிஎஸ் சர்வீஸ் இன்ஜினியருக்கு

மதுரையில் தங்கி வேலை பார்க்கும் யூபிஎஸ் சர்வீஸ் இன்ஜினியரின் எல்லை பெரிது. வடக்கே திண்டுக்கல், பழனி, மேற்கே தேனி, கம்பம், கிழக்கே ராமேஸ்வரம், தெற்கே சிவகாசி, ராஜபாளையம், சில கம்பெனிகளில் நாகர்கோவில் வரைக்கும் அவர்தான். ராமேஸ்வரம் ஒரு வழிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய் மூடியைத் திறந்த பிறகு, உள்ளே இருக்கும் ஃபேன் 24 வோல்ட் டிசி, பையில் இருப்பதோ 230 வோல்ட் ஏசி என்று தெரிந்தால் அந்த நாள் போனதுதான். வாடிக்கையாளர் இன்னும் இரண்டு நாள் பைபாஸில், அதாவது யூபிஎஸ்ஸின் பாதுகாப்பு இல்லாமல் நேராக மெயின்ஸ் கரண்டில், பயந்து பயந்து ஓட்ட வேண்டும். பழுதைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் பாதி. மறுபடி போகத் தேவையில்லாதபடி முடிப்பது மறுபாதி. அந்த மறுபாதியை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலைக்குள் வருவதும் பழகுவதும்

ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் அல்லது எலக்ட்ரீஷியன், பாலிடெக்னிக்கில் ட்ரிப்பிள் இ அல்லது இசிஇ படித்தவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. அதை ஏதாவது ஒரு சர்வீஸ் பிரிவில் செய்தால் நல்லது. அலுவலக வேலையில் கழித்தால் அந்த வருடம் வீண். பேனல் வேலைக்கும் கை வைக்கப் போகிறவர்கள், சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் அல்லது சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சில ஆலைகளில் கேட்டிலேயே கேட்பார்கள்.

சீனியரோடு பை தூக்கிப் போகும் மாதங்களில் வேடிக்கை மட்டும் பார்க்கக் கூடாது. பழைய 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அதில் பொதுவாக 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று, மொத்தம் 36 வோல்ட் இருக்கும். ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது), டிசி பஸ் (அந்த டிசி ஓடும் லைன்), இன்வெர்ட்டர் (டிசியைத் திரும்ப ஏசியாக்குவது), சார்ஜர், ஸ்டாடிக் ஸ்விட்ச் (லோடை இன்வெர்ட்டருக்கும் பைபாஸுக்கும் இடையே மாற்றுவது) ஆகியவை போர்டில் எங்கே இருக்கின்றன என்று கையால் படம் வரையுங்கள். புத்தகத்தில் உள்ள பிளாக் டயகிராமைப் பார்த்து எழுதினால் பயனில்லை. ட்ராக்கைத் தொடர்ந்து போய் வரைய வேண்டும்.

ஐஜிபிடி (இன்வெர்ட்டரில் ஸ்விட்ச்சாக வேலை செய்யும் பவர் டிரான்சிஸ்டர்; கேட், கலெக்டர், எமிட்டர் அதன் மூன்று கால்கள்) சோதிக்க மல்டிமீட்டரின் டயோடு நிலை போதும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு பக்கம் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை காட்டும், ப்ரோபை மாற்றி வைத்தால் ஓப்பன். கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு பக்கமும் ஓப்பனாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பூஜ்யம் அடித்தால் ஷார்ட். ஐஜிபிடி ஷார்ட் ஆன போர்டில் அதை மட்டும் மாற்றி மின்சாரம் கொடுத்தால் புதியதும் உடனே போகும், ஏனென்றால் கேட் டிரைவர் பகுதியும் சேர்ந்தே பழுதாகியிருக்கும். கேட் ரெசிஸ்டர், ஜீனர், டிரைவர் ஐசி மூன்றையும் பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. முதல் தடவை ஆன் செய்யும்போது பேஸ் வயரில் 200 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். லோடு எதுவும் இருக்கக் கூடாது. பல்பு ஒரு தடவை மின்னி மங்கினால் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பு இல்லாமல் சோதித்தால் அந்தப் பாடத்துக்கு ஒரு மாட்யூல் விலை.

கிளம்பும் முன் போனில் கேட்க வேண்டியது

“யூபிஎஸ் வேலை செய்யல சார்” என்ற புகாரை வைத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. போனில் பத்து நிமிடம் செலவழித்தால் பாதிப் பழுது புரிந்துவிடும். அங்கே இருப்பவர் பெரும்பாலும் கேஷியர், நர்ஸ், அல்லது வாட்ச்மேன். அவரிடம் இன்வெர்ட்டர், ரெக்டிஃபையர் என்று பேசிப் பயனில்லை. “டிஸ்ப்ளேவை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கண்ணே” என்பது புரியும். நான்கு போட்டோ போதும்: டிஸ்ப்ளேயும் விளக்குகளும், பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெயர்த்தகடு, பேட்டரி ரேக், பிரேக்கர்கள். பெயர்த்தகட்டில் மாடல், சீரியல் எண், கேவிஏ, டிசி வோல்டேஜ் தெரிய வேண்டும். ஒரே கம்பெனியின் 10 கேவிஏயிலேயே 192 வோல்ட்டும் உண்டு, 240 வோல்ட்டும் உண்டு. முதலாவதுக்கு 16 பேட்டரி, இரண்டாவதுக்கு 20.

பிறகு கேளுங்கள்: கரண்ட் போனபோது நின்றதா, கரண்ட் இருக்கும்போதே நின்றதா? அந்த வாரம் புதிதாக ஏதாவது இணைத்தார்களா? ஜெராக்ஸ் மிஷின், லேசர் பிரிண்டர், ஏசி ஆகிய மூன்றில் ஒன்றை யூபிஎஸ் லைனில் யாராவது மாட்டியிருப்பது அடிக்கடி நடக்கிறது. எலக்ட்ரீஷியன் பேனலில் வேலை பார்த்தாரா? பார்த்தார் என்றால் நியூட்ரல் மேல் சந்தேகம் வைத்தே கிளம்ப வேண்டும். பிரேக்கர் ட்ரிப் ஆகியிருந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தேதியையும் போனிலேயே முடிவு செய்ய வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்தப் பகுதியில் என்றைக்கு என்று செய்தித்தாளில் வரும். பேக்கப் நிற்கவில்லை என்ற புகாருக்கு அந்த நாள் பொருத்தமானது, பேட்டரி நிஜமான லோடில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சார்ஜர், பைபாஸ் புகாருக்கு அந்த நாளில் போனால் மாலை வரை சும்மா உட்கார வேண்டியதுதான். வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. பேட்டரி மாற்றுவது போன்ற நீண்ட வேலைக்கு அந்த நாள் ஏற்றது, ஆனால் சாவியோடு ஓர் அதிகாரி வருவார் என்பதை முந்தின நாளே உறுதி செய்துகொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டி நகரத்துக்குள் பஸ் போக்குவரத்து மாறும். அந்த நாட்களில் வெளியூர் வேலை ஒத்துக்கொண்டால் முந்தின இரவே கிளம்பிவிடுவது உத்தமம்.

தேனி, கம்பம், திண்டுக்கல், கொடைக்கானல் பக்கம் என்றால் ஆரப்பாளையம். ராமேஸ்வரம், காரைக்குடி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. தங்குமிடத்தை இந்த இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் பிடித்தால் வருடம் முழுக்கத் தூக்கம் மிச்சம்.

பை

மல்டிமீட்டர் குறைந்தது CAT III என்ற பாதுகாப்புப் பிரிவில், 600 வோல்ட் தரத்தில் இருக்க வேண்டும். விலை குறைந்த மீட்டரில் டிசி பஸ்ஸைத் தொடுவது உயிரோடு விளையாடுவது. கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி ஆம்பியரும் அளக்கும் வகையா என்று பாருங்கள், சாதாரண கிளாம்ப் ஏசியை மட்டுமே அளக்கும். பேட்டரி கரண்ட் பார்க்க அது உதவாது. பேஸ் சீக்வென்ஸ் மீட்டர் (மூன்று பேஸின் வரிசையைப் பார்ப்பது), இன்சுலேட்டட் ஸ்க்ரூ டிரைவர், போல்ட்டைப் பிடிக்கும் வாய் தவிர மற்ற பகுதிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிய 10, 13 எண் ஸ்பேனர், 25 வாட் சால்டரிங் அயர்ன், பெயின்ட் பிரஷ், சிறிய ப்ளோயர், தெர்மல் பேஸ்ட், ஹெட் டார்ச், மீட்டருக்கு ஒரு மாற்று பேட்டரி. உதிரியில் ஃபேன் இரண்டு வகை, கண்ட்ரோல் பியூஸ், எம்ஓவி (திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் பாகம்), லக், டேக்.

ஐஜிபிடியைக் காக்கும் பியூஸ் வேகமாக உருகும் செமிகண்டக்டர் பியூஸ். அந்த இடத்தில் அதே ஆம்பியர் உள்ள சாதா எச்ஆர்சி பியூஸ் போட்டால், பியூஸ் உருகும் முன் ஐஜிபிடி போய்விடும். ஆகவே அதில் ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும்.

போர்டுகளை ஆன்டிஸ்டாடிக் கவரிலேயே எடுத்துப் போக வேண்டும். தெர்மாகோலிலோ சாதா பிளாஸ்டிக் பையிலோ சுற்றி மூன்று மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினால் உராய்வில் ஏறும் நிலைமின்சாரமே ஐசியைக் கெடுத்துவிடும். போர்டு போட்டவுடன் ஓடும், ஒரு வாரத்தில் நிற்கும். காரணம் தெரியாமல் எல்லோரும் கம்பெனியைத் திட்டுவார்கள்.

திசைக்கு ஒரு பழுது

இந்த வட்டாரத்தில் எந்த ஊரிலிருந்து அழைப்பு என்பதே ஒரு குறிப்பு. ராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி என்றால் உப்புக் காற்று. போர்டின் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கும், ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டினால் ஓடும். அப்படி ஓடுவதை நம்பித் திரும்பக் கூடாது. பின்களைக் காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு போர்டுக்கு கன்பார்மல் கோட்டிங் (ஈரமும் உப்பும் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) ஸ்ப்ரே அடிக்க வேண்டும், கனெக்டர்களை மறைத்துக்கொண்டு.

ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்களில் பஞ்சுத் தூசி ஹீட் சிங்க்கின் இடுக்குகளைக் கம்பளி மாதிரி அடைத்துவிடும். ஓவர் டெம்பரேச்சர் அலாரத்துக்கு சென்சார் மாற்றிப் பயனில்லை. ஃபேனைக் கழற்றி, சிங்க்கைப் பின்பக்கத்திலிருந்து ஊத வேண்டும். முன்பக்கத்திலிருந்து ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போய் இறுகும். மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் கல்தூள், அது ஃபேன் பேரிங்கைத் தின்னும். அங்கே ஃபேனை சத்தம் வரும் வரை விடாமல் கால அளவு வைத்து மாற்றச் சொல்லுங்கள். கொடைக்கானலில் ஈரம். கீழே வெயிலிலிருந்து எடுத்துப் போன போர்டை அப்படியே மாட்டாமல், அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று சிறிது நேரம் வைத்து மாட்டுவது நல்லது.

சிவகாசியில் பட்டாசு ஆலை என்றால் யூபிஎஸ் பெரும்பாலும் அலுவலகக் கட்டிடத்தில்தான் இருக்கும். ஆனாலும் கேட்டில் சொல்லும் விதி எதுவானாலும் அப்படியே கேட்க வேண்டும். போனை வாங்கி வைப்பார்கள், தீப்பெட்டி, லைட்டர் ஆகாது. அனுமதி கேட்காமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்கக் கூடாது.

எந்த ஊராக இருந்தாலும் பல்லியும் எலியும் பொது. போர்டில் கருகிய பல்லி இருந்தால் பழுதின் காரணம் கிடைத்தது, வேலை முடியவில்லை. கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் அளப்பது

யூபிஎஸ் டிஸ்ப்ளேயில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், இன்புட் டெர்மினலில் மீட்டர் வைத்து அளந்து எழுதுங்கள். மூன்று பேஸ் என்றால் பேஸுக்குப் பேஸ் 415 வோல்ட் பக்கமும், ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 பக்கமும் இருக்க வேண்டும். பேஸுக்குப் பேஸ் சரியாக இருந்து, நியூட்ரலுக்கு 180, 290, 220 என்று தாறுமாறாக வந்தால் நியூட்ரல் எங்கோ லூஸ். உடனே எல்லாவற்றையும் ஆஃப் செய்யச் சொல்லுங்கள். நியூட்ரல் முழுதாகப் பிரிந்தால் ஏதாவது ஒரு பேஸில் உள்ள பொருள்களுக்கு 400 வோல்ட் அளவுக்கும் போய்விடும்.

அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே. லோடு ஓடும்போது 2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 5, 8 என்று வந்தால், நியூட்ரல் வயர் மெலிதாக இருந்து ஏர் கண்டிஷனரின் கரண்டும் அதிலேயே திரும்பி வருகிறது, அல்லது எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. மேலூர் போன்ற பாறை நிலத்தில் குழி ஆழமாகப் போகாது, கோடையில் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எண் குறையும், அது அன்றைக்கு மட்டும்தான். லோடு ஓடும்போதும் அச்சாக 0.0 என்று காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், பக்கத்துப் பேனலில் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருக்கலாம். அதைத் தேடிப் பிரிக்க வேண்டும்.

பைபாஸுக்கு மாற்றும் வரிசை

அதிகப் பணம் எரியும் இடம் இது. மெயின்டனன்ஸ் பைபாஸ் ஸ்விட்ச்சை (யூபிஎஸ்ஸைத் தாண்டி லோடை நேராக மெயின்ஸில் இணைக்கும் கை ஸ்விட்ச்) போடும்போது இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால், இன்வெர்ட்டர் அவுட்புட்டும் மெயின்ஸும் நேருக்கு நேர் மோதி ஐஜிபிடி வெடிக்கும். வரிசை எப்போதும் இதுதான்:

1. பைபாஸ் வோல்டேஜும் ஃப்ரீக்வன்சியும் எல்லைக்குள் இருக்கிறதா, பேஸ் சீக்வென்ஸ் சரியா என்று பார்க்கவும்.
2. டிஸ்ப்ளே மூலம் லோடை ஸ்டாடிக் பைபாஸுக்கு மாற்றவும். பைபாஸ் விளக்கு எரிந்து, இன்வெர்ட்டர் விளக்கு அணைய வேண்டும்.
3. அதன் பிறகே மெயின்டனன்ஸ் பைபாஸ் ஸ்விட்ச்சைப் போடவும்.
4. யூபிஎஸ் அவுட்புட் பிரேக்கர், பேட்டரி பிரேக்கர், இன்புட் மற்றும் பைபாஸ் இன்புட் பிரேக்கர் என்ற வரிசையில் ஆஃப் செய்யவும்.
5. டிசி கெபாசிட்டர் இறங்க மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்து அளந்த பிறகே உள்ளே கை வைக்கவும்.

திரும்ப எடுப்பது அப்படியே தலைகீழ் வரிசை. யூபிஎஸ் ஸ்டாடிக் பைபாஸில் நிற்கிறது என்று உறுதியான பிறகே மெயின்டனன்ஸ் ஸ்விட்ச்சை எடுக்க வேண்டும். பைபாஸில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் லோடு மொத்தமும் நிற்கும். மருத்துவமனையில் பொறுப்பு டாக்டரோ நர்ஸோ எழுத்தில் ஒத்துக்கொள்ளாமல் இதைத் தொடவே கூடாது. டயாலிசிஸ் பிரிவில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் தொடங்கும் இடைவெளிதான் நேரம். “அஞ்சு நிமிஷ வேலைதான் சிஸ்டர்” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

பேட்டரி

இந்தப் பக்கம் வரும் புகார்களில் பெரும்பங்கு கடைசியில் பேட்டரியில் வந்து நிற்கும், அதற்குப் பெரிய காரணம் வெயில். 25 டிகிரியைக் கணக்கில் வைத்துச் செய்த சீல்டு பேட்டரியின் ஆயுள், ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் பாதியாகும். மொட்டைமாடிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் ரேக்கை வைத்துவிட்டு ஐந்து வருடம் எதிர்பார்க்க முடியாது. அறை வெப்பத்தை அளந்து ரிப்போர்ட்டில் எழுதுங்கள். பின்னால் வாரண்டி பேசும்போது அந்த ஓர் எண் எல்லோருக்கும் உதவும்.

12 வோல்ட் சீல்டு பேட்டரிக்கு ஃப்ளோட் (முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும் சார்ஜர் தொடர்ந்து கொடுக்கும் வோல்டேஜ்) 13.5 முதல் 13.8 வோல்ட். 20 பேட்டரிக்கு 13.65 வீதம் 273 வோல்ட். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பேட்டரிக்குச் சுமார் 18 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 10 டிகிரி கூடினால் மொத்தம் 3.6 வோல்ட் குறைந்து 269.4. டெம்பரேச்சர் சென்சார் கழன்று தொங்கும் இடங்களில் பேட்டரி வீங்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஃப்ளோட்டில் அளந்து எல்லாம் 13.6 என்று எழுதிவிட்டு வருவது சோதனை ஆகாது. செத்த பேட்டரியும் சார்ஜரில் இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும். இன்புட்டை ஆஃப் செய்து லோடில் இறக்கி, ஐந்து, பத்து, பதினைந்தாவது நிமிடங்களில் ஒவ்வொரு பேட்டரியாக அளக்க வேண்டும். மற்றவை 12.2ல் நிற்கும்போது ஒன்று 11க்கு வந்துவிட்டால் அதுதான் மொத்த வரிசையையும் இழுக்கிறது. 10.5 வோல்ட்டுக்குக் கீழே எதையும் போக விடக் கூடாது.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. லோடு 5 கிலோவாட், இன்வெர்ட்டர் திறன் 0.9, பேட்டரி 240 வோல்ட், 42 ஆம்பியர் ஹவர் என்றால் கரண்ட் சுமார் 23 ஆம்பியர். 42 ஆம்பியர் ஹவர் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுக்கும்போது கிடைப்பது. 23 ஆம்பியரில் எடுத்தால் அதில் ஏறக்குறைய 60 சதவீதமே கிடைக்கும், ஆகவே ஒரு மணி நேரம் சொச்சம். “42ஐ 23ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் வரணுமே” என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். புதிதில் கிடைத்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் செட்டை மாற்றும் நேரம்.

பழைய வரிசையில் இரண்டு மூன்று புதிய பேட்டரி சேர்ப்பது, அந்தப் பழைய செட் வாங்கி ஒரு வருடத்துக்குள் இருந்தால் சரி. மூன்று வருடப் பழைய செட்டில் சேர்த்தால், சீரிஸில் ஓடும் ஒரே கரண்ட் பழையதற்கும் புதியதற்கும் வேறு வேறு அளவில் வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்கும். ஒன்று ஓவர் சார்ஜ், மற்றொன்று குறை சார்ஜ். புதியதும் சீக்கிரம் கெடும்.

மாற்றும்போது மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி பிரேக்கரை ஆஃப் செய்த பிறகும் வரிசையின் இரு முனைக்கும் இடையே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். முதலில் நடுவில் ஒரு லிங்க்கை (அடுத்தடுத்த பேட்டரிகளை இணைக்கும் துண்டு) கழற்றி வரிசையைப் பாதியாக்குங்கள், இன்னும் இரண்டு இடத்தில் பிரித்தால் இன்னும் நல்லது. தனியாகச் செய்யவே கூடாது. புதியவற்றை இணைத்து முடித்ததும் பிரேக்கரைப் போடும் முன் மொத்த வோல்டேஜை அளங்கள். 20 பேட்டரி 12.8 வீதம் 256 வர வேண்டும். 230 பக்கம் வந்தால் ஒரு பேட்டரி தலைகீழாக இருக்கிறது, ஏனென்றால் அது தன் 12.8ஐச் சேர்க்காததோடு இன்னொரு 12.8ஐக் கழிக்கவும் செய்கிறது. யூபிஎஸ் பக்கத்து பிளஸ், மைனஸையும் மீட்டரில் சரிபார்த்த பிறகே பிரேக்கர்.

போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். லூஸானால் சூடாகி டெர்மினல் உருகும், அதிகம் முறுக்கினால் ஈயத் தண்டு சுழன்று சீல் விடும்.

ஜெனரேட்டர் இருக்கும் இடங்களில்

மெயின்ஸில் நன்றாக ஓடி, ஜெனரேட்டரில் மட்டும் பேட்டரிக்குப் போய்ப் போய் வந்தால் யூபிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். ஜெனரேட்டர் ஃப்ரீக்வன்சியை லோடோடு அளங்கள். 48க்கும் 52க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தால் கவர்னர் (இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்) சரியில்லை, அல்லது ஜெனரேட்டர் சிறியது. யூபிஎஸ் கேவிஏயைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் தொல்லை குறைவு. இன்புட் ஃப்ரீக்வன்சி எல்லையை அகலமாக்கும் செட்டிங் இருந்தால் மாற்றலாம், ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டும் பழைய பொருளும்

“செக்டு அண்ட் ஓகே” என்று எழுதிய ரிப்போர்ட் அடுத்து வருபவருக்கு எதுவும் சொல்லாது. வந்தபோது இருந்த அளவு, போகும்போது இருந்த அளவு, பேட்டரி ஒவ்வொன்றின் லோடு வோல்டேஜ், மாற்றிய பொருளின் பழைய சீரியல் எண், புதிய சீரியல் எண், மாற்றிய செட்டிங், வாடிக்கையாளர் செய்ய வேண்டியது என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். எர்த் குழி சரியில்லை என்று வாயால் சொன்னது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது, எழுதியது இருக்கும். போட்டோ எடுக்கும்போது வங்கிக் கவுன்ட்டரோ நோயாளிகளோ படத்தில் விழக் கூடாது.

கழற்றிய போர்டை அதே ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு, பழுதின் அறிகுறியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொண்டுவர வேண்டும். ரிப்பேர் சென்டரில் இருப்பவர் அந்த ஒரு வரியை நம்பித்தான் வேலையைத் தொடங்குவார். பேட்டரியைப் பயணிகள் பஸ்ஸில் ஏற்றாமல், டெலிவரி சலானோடு சரக்கு வண்டியில் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் தேவை. பழைய பேட்டரியை எடைக்கடையில் போடச் சொல்லி யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கோ, அவருக்கு அனுப்பும் விற்பனையாளருக்கோதான் போக வேண்டும். எத்தனை பேட்டரி, என்ன ஆம்பியர் ஹவர், யாரிடம் ஒப்படைத்தது என்று சலானில் எழுதி ஒரு பிரதியை வாடிக்கையாளரின் ஃபைலில் வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.